அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் இடுப்புவலி இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1960-களின் நடுவில் உருவான இந்தத் தொழிற்பேட்டையில் லேத், பிரஸ், பெயின்ட் ஷாப் என்று நின்றபடியே ஷிஃப்ட் முடிப்பவர்கள் ஒரு பக்கம். ஆவடி செக்போஸ்ட்டிலிருந்து சி.டி.எச். சாலையின் மேடு பள்ளங்களில் தினமும் பைக் ஓட்டி வருபவர்கள் இன்னொரு பக்கம். பூந்தமல்லி பைபாஸ் ஓரத்துக் குடோன்களில் லோடு இறக்குபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தைலம், பெல்ட், ஊசி, கரன்ட் வைப்பது, கடைசியில் எம்.ஆர்.ஐ. என்று எல்லாப் படிகளையும் ஏறி இறங்கியவர்கள் இவர்கள். டீக்கடையில் நின்று ‘எல்-ஃபோர், எல்-ஃபைவ் டிஸ்க் பிதுங்கியிருக்காம்’ என்று தங்கள் முதுகெலும்பைப் பற்றி விவரமாகப் பேசுவார்கள்.

இத்தனை பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் வருவதில்லை. ‘ஒண்ணுக்குப் போறது எப்படி இருக்கு? முக்க வேண்டியிருக்கா? கால் கழுவும்போது கை படுறது தெரியுதா?’

நோயாளிக்குச் சொல்லக் கூச்சம். காலையில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய ஓ.பி.யில் டாக்டருக்குக் கேட்க நேரமில்லை, நேரமிருந்தாலும் தயக்கம். இடையில் மாட்டிக்கொள்வது சிறுநீர்ப்பையும் மலவாயும் ஆண்மையும் சம்பந்தப்பட்ட நரம்புகள். கூச்சத்தால் இழக்கக்கூடாத சில மணி நேரங்கள் மருத்துவத்தில் உண்டு. அவற்றைக் காப்பாற்றித் தரும் சோதனைக்குப் பஞ்சும் குண்டூசியும் ஒரு ஜோடி கையுறையும் போதும் என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது.

திரைக்குப் பின்னால் இரண்டு நிமிடம்

முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் தானாக எகிறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பள்ளிப் பாடத்தில் அதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். அதே போன்ற அனிச்சைச் செயல் இடுப்பின் அடித்தளத்திலும் இருக்கிறது. அதைச் சோதிக்கும் விதம் இது.

திரையை இழுத்து மூடுகிறார்கள். பெண் நோயாளி என்றால் கூட ஒரு நர்ஸ் நிற்க வேண்டும். நோயாளி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்கிறார். முதலில் பஞ்சு. மலவாயைச் சுற்றியும், பிட்டத்தின் உட்புறமும், தொடை இடுக்கிலும் லேசாகத் தொட்டு, ‘தெரியுதா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா?’ என்று டாக்டர் கேட்கிறார். அடுத்து குண்டூசி முனை, ரத்தம் வராத அளவுக்கு. ஊசி பட்ட கணத்தில் மலவாயைச் சுற்றியுள்ள தோல் சட்டென்று சுருங்கி விரிகிறது. டாக்டர் அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பிறகு உறையிட்ட விரலில் ஜெல்லி தடவி, மலவாய்க்குள் வைக்கிறார். ‘மோஷனை அடக்குற மாதிரி இறுக்குங்க’ என்கிறார். நோயாளி தன் விருப்பத்தால் இறுக்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். கடைசிப் படிதான் முக்கியமானது. ஆண் என்றால் குறியின் முனையையும், பெண் என்றால் யோனிமேட்டின் கீழுள்ள சிறு மொட்டையும் மெதுவாக, சொல்லிவிட்டு, ஒரு கணம் அழுத்துகிறார். நரம்பு நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் விரலை மலவாய்த் தசை தானாகக் கவ்வும். ஏற்கெனவே சிறுநீர் டியூப் போட்டிருந்தால் அழுத்தக்கூட வேண்டாம். டியூபை லேசாக ஓர் இழு இழுத்தால், சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் பலூன் அதன் கழுத்தைத் தொட்டு, அதே கவ்வல் வரும்.

அவ்வளவுதான். வலி கிடையாது, சங்கடம் உண்டு. என்ன செய்யப் போகிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று டாக்டர் முன்கூட்டியே நாலு வரி சொல்லிவிட்டால் அந்தச் சங்கடமும் பாதியாகக் குறையும். சொல்லாமல் செய்வது தவறு. கேட்காமல் செய்வது அதைவிடத் தவறு.

இந்தக் கவ்வலை 1890-இல் பாரிஸில் ஒனனோஃப் என்ற மருத்துவர் பதிவு செய்தார். ஊசி பட்டதும் வரும் சுருக்கத்தை அடுத்த ஆண்டே ரஷ்ய நரம்பியல் நிபுணர் ரோசோலிமோ எழுதினார். நூற்று முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட சோதனை. எம்.ஆர்.ஐ. வந்த பிறகும் அதற்கு வேலை போய்விடவில்லை. காரணம், நரம்பை எது அழுத்துகிறது என்பதைப் படம் காட்டும். அந்த நரம்பு வேலை செய்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்லும்.

நரம்பு போகும் வழி

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை ஓடுவதில்லை. இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதன் நுனியில், சேக்ரல் 2, 3, 4 என்று எண்ணிடப்பட்ட சிறிய பகுதிதான் சிறுநீர், மலம், பாலுறவு மூன்றுக்கும் அலுவலகம். சுருக்குத்தசைகளை இறுக்கிப் பிடிக்க ஆணையிடும் நரம்பணுக்கூட்டம் அங்கே இருப்பதை 1899-இல் ஓனுஃப் என்பவர் கண்டறிந்தார். அங்கிருந்து கிளம்பும் புடெண்டல் நரம்புதான் இடுப்புத்தளத் தசைகளுக்கும் அந்தப் பகுதித் தோலுக்கும் போகிறது. பஞ்சு, ஊசி, விரல் எல்லாம் சோதிப்பது இந்தச் சுற்றைத்தான்: தோலிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு பாதை, தண்டுவடத்திலிருந்து தசைக்கு ஒரு பாதை.

இதற்கு மேலே மூளைத்தண்டில் இன்னொரு மையம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் பாரிங்டன் 1920-களில் அதை விளக்கினார். சிறுநீர்ப்பை சுருங்க வேண்டிய நேரத்தில் சுருக்குத்தசை தளர வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகச் செய்வது அந்த மையம்தான். தண்டுவடம் நடுவில் அறுபட்டால் இந்த ஒத்திசைவு போய்விடுகிறது. சிறுநீர்ப்பை சுருங்கும்போதே சுருக்குத்தசையும் இறுகுகிறது. வால்வை மூடிவைத்துவிட்டு மோட்டாரைப் போட்ட கதைதான். அழுத்தம் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் உயிருக்கு நீண்டகால ஆபத்து கால்கள் செயலிழந்ததால் வருவதைவிட இந்த வழியாக வருவது அதிகமாக இருந்த காலம் ஒன்று உண்டு.

முதுகுவலி அவசரமாகும் நேரம்

தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. மருத்துவர்கள் அதைக் குதிரைவால் நரம்புக்கற்றை என்பார்கள். இடுப்பு டிஸ்க் பெரிய அளவில் பிதுங்கி இந்தக் கற்றை முழுவதையும் நசுக்கினால் அது சாதாரண முதுகுவலி இல்லை, அறுவை சிகிச்சை அவசரம். இது அபூர்வம்தான். முதுகுவலி வந்தவர்களில் மிகச் சிலருக்கே வரும். ஆனால் வந்தவருக்குத் தாமதமானால் ஆயுள் முழுக்க டியூபோடும் பேடோடும் வாழ வேண்டியிருக்கும்.

அறிகுறிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு கால்களிலும் வலி அல்லது பலவீனம். சைக்கிள் சீட்டில் பதியும் பகுதி முழுவதும் மரத்துப்போவது. சிறுநீர் நிரம்பியும் உந்துதல் தெரியாமல் இருப்பது, முக்கினாலும் வராமல் இருப்பது, அல்லது தெரியாமலே சொட்டுவது. மலம் வருவது தெரியாமல் போவது. உறவின்போது திடீரென உணர்ச்சி இல்லாமல் போவது. இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாக வந்தால்கூட அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2000-ஆம் ஆண்டில் 322 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு மதிப்பீடு, 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கியவர்களுக்குச் சிறுநீர், மலக் கட்டுப்பாடு நன்றாகத் திரும்பியதைக் காட்டியது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பதே பெரும்பாலான அறுவை நிபுணர்களின் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மலவாய் இறுக்கத்தை விரலால் மட்டும் கணிப்பதில் அனுபவமுள்ள டாக்டர்களுக்கும் தவறு நேர்கிறது. ஆகவே ‘விரல் வைத்துப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு’ என்பதோடு முடித்துவிடக் கூடாது. பஞ்சு, ஊசி உணர்ச்சி வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் வயிற்றில் ஸ்கேன் வைத்து உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடியிலும் உள்ள சாதாரண ஸ்கேன் சென்டரிலேயே இதைச் செய்துவிடலாம். 200 மில்லிக்கு மேல் தேங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும்.

வேலூரின் பாடம்

வெளிவட்டச் சாலையும் பெங்களூரு நெடுஞ்சாலையும் பூந்தமல்லி அருகே சந்திக்கின்றன. விபத்துகள் நடக்கும் தடம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அந்த 48 மணி நேரத்துக்குள்ளேயே நாம் பேசும் சோதனையும் வருகிறது.

தண்டுவடத்தில் அடிபட்டதும் அதற்குக் கீழே எல்லா அனிச்சைச் செயல்களும் சில நாட்களுக்கு அடங்கிப்போகும். முதலில் விழித்துக்கொள்பவற்றில் ஒன்று, விரலைக் கவ்வும் அந்த இடுப்புத்தள அனிச்சை. அது திரும்பிவிட்டது, ஆனால் கால் அசைவும் மலவாய் உணர்ச்சியும் வரவில்லை என்றால் தண்டுவடக் காயம் முழுமையானது என்று டாக்டர் முடிவுக்கு வருகிறார். மலவாய் ஓரத்தில் ஊசி குத்துவது கொஞ்சம் தெரிந்தாலும், விரலைக் கொஞ்சம் இறுக்க முடிந்தாலும் காயம் முழுமையற்றது. மீள்வதற்கு வாய்ப்பு அதிகம். அனிச்சை திரும்பவே இல்லை என்றால் அடி தண்டுவடத்தின் நுனியிலோ நரம்புக்கற்றையிலோ. சிறுநீர்ப்பை தொய்ந்த பையாக நிற்கப்போகிறதா, கட்டுக்கடங்காமல் சுருங்கப்போகிறதா என்பதற்கு முதல் ஜோதிடம் அந்தக் கவ்வல்தான். இரண்டுக்கும் மருத்துவம் வேறு வேறு.

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்லாமல் நகர முடியாது. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த அவர் 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்கள் செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-இல் சி.எம்.சி.யில் அந்தத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. அவருடைய வேலையின் சாரம் எளிமையானது: நடக்க முடியாதவரையும் வீட்டுக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். சிறுநீரைச் சமாளிக்கத் தெரியாமல் அது நடக்காது.

முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் இறந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மான் இந்த நிலையை மாற்றத் தொடங்கினார். 1972-இல் அமெரிக்காவில் ஜாக் லாபிடீஸ், நோயாளியே தன் கையால், சோப்பு போட்டுக் கழுவிய சுத்தமான டியூபை நாலைந்து மணிக்கு ஒருமுறை செருகி, சிறுநீரை வடித்துவிட்டு டியூபை எடுத்துவிடலாம் என்று காட்டினார். ஆஸ்பத்திரித் தரத்தில் கிருமி நீக்கம் செய்தால்தான் முடியும் என்றிருந்த நிலை போனது. நிரந்தர டியூபும் தொடையில் கட்டிய யூரின் பையும் இல்லாமல் வாழ முடிந்தது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், கழுத்தெலும்புக் காயத்தால் கைகால்கள் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் தண்டுவடக் காயம் பட்டவர்கள் மீண்டும் வாழப் பழகுகிறார்கள். சென்னையின் மேற்குப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து அதிக தூரமில்லை.

மில்லி செகண்டுகளும் அவற்றின் எல்லையும்

விரலுக்குத் தெரியாததைக் கருவி அளக்கும். நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் குறியின் மேல் நரம்பில் லேசான மின்துடிப்பு கொடுத்து, இடுப்புத்தளத் தசையில் ஊசி மின்முனை வைத்துப் பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பதிவு செய்கிறார்கள். ஆரோக்கியமானவருக்கு 30 முதல் 40 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும். தாமதமானால், வராமலே போனால், அந்த நரம்புச் சுற்றில் எங்கோ கோளாறு.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் விடையில்லை. 1981-இல் அமெரிக்க யூராலஜிஸ்ட் பிளைவாஸும் சகாக்களும் 299 பேரைச் சோதித்தபோது, நரம்புக் கோளாறு இல்லாத ஆண்களில் 98 சதவீதத்தினருக்கு விரலுக்கு அந்தக் கவ்வல் தெரிந்தது. பெண்களில் 81 சதவீதத்தினருக்கே தெரிந்தது. ஆக, ஒரு பெண்ணுக்குக் கவ்வல் தெரியவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பயமுறுத்தக் கூடாது. அதேபோல் இந்தச் சோதனை பருத்த நரம்பிழைகளை மட்டுமே பார்க்கிறது. சிறுநீர்ப்பையைச் சுருக்கும் மெல்லிய தன்னியக்க நரம்புகள் கெட்டிருந்தும் இது சரியாக வரலாம். புடெண்டல் நரம்பின் வேகத்தைத் தனியாக அளக்கும் முறை 1980-களில் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையிலிருந்து பரவியது. பிழைத்த சில வேகமான இழைகளே இயல்பான எண்ணைக் காட்டிவிடுவதால், இன்று அதன் மதிப்பு குறைந்துவிட்டது.

சிறுநீர்ப்பையையே கேட்க வேண்டுமென்றால் யூரோடைனமிக்ஸ். மெல்லிய டியூப் வழியாக மெதுவாகத் தண்ணீர் நிரப்பி, எப்போது உந்துதல் வருகிறது, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, கழிக்கும்போது தசை தளர்கிறதா என்று வரைபடமாகப் பார்ப்பது. உள்ளே அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீருக்கு மேல் ஏறியபின்தான் கசிகிறது என்றால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பிராஸ்டேட் ஆபரேஷனுக்கு முன்பு, குறிப்பாகப் பார்க்கின்சன், பக்கவாதம், நீண்டகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இந்தச் சோதனை தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தசையே தளர்ந்துபோன பைக்குப் பிராஸ்டேட்டை வெட்டி எடுத்தும் பலன் கிடைக்காமல் போகலாம்.

பெண்கள் சொல்லாமல் வைத்திருப்பது

1984-இல் ஸ்னூக்ஸ், ஸ்வாஷ் ஆகியோர் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, சுகப்பிரசவத்தின்போது இடுப்புத்தள நரம்புகள் இழுபட்டுக் காயப்படுவதை முதன்முறையாக அளந்து காட்டியது. நீண்ட பிரசவ வலி, பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்தது ஆகியவற்றில் இது அதிகம். பலருக்குச் சில மாதங்களில் நரம்பு தேறிவிடும். தேறாதவர்களுக்கு இருமினால், சிரித்தால், பஸ் ஏறினால் சொட்டுகிறது. ‘குழந்தை பெத்தா இதெல்லாம் சகஜம்’ என்று அம்மாவும் மாமியாரும் சொல்லிவிடுவார்கள். சகஜம்தான், ஆனால் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டியதில்லை. 1948-இல் கெகல் சொன்ன இடுப்புத்தளப் பயிற்சிகளைத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்று மூன்று மாதம் செய்தால் பலருக்குக் கசிவு கணிசமாகக் குறைகிறது. எந்தத் தசையை இறுக்குவது என்று தெரியாமல் வயிற்றை எக்கிக்கொண்டிருந்தால் பயனில்லை. அதனால்தான் முதலில் விரல் வைத்துப் பார்த்துச் சொல்லித் தர ஒருவர் வேண்டும்.

எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இன்னொரு பிரச்சினை. டாய்லெட் தூரம், அழுக்கு, சூப்பர்வைசர் முறைப்பு. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தொழிற்சாலையில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது 1948-இன் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. கழிப்பறைக்கு நேரம் கேட்பதும் அதே அளவு இயல்பான உரிமையாக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. சென்னையின் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு இந்த நோய். பாத உணர்ச்சியைச் சோதிக்கப் பல கிளினிக்குகள் பழகிவிட்டன. சிறுநீர்ப்பையின் உணர்ச்சியைக் கேட்பவர் குறைவு. அந்த நரம்புகள் மெதுவாக மங்கும்போது பை நிறைவதே தெரியாது. நாளுக்கு இரண்டு மூன்று முறைதான் போகிறோம் என்று பெருமைப்படுபவரின் உள்ளே பாதி லிட்டர் தேங்கியிருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை மிச்ச நீர் ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்வது பெரிய செலவில்லை.

டாக்டர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. ஓ.பி.யில் ஒரு திரை, ஒரு பஞ்சு, கூட நிற்க ஒரு நர்ஸ், இரண்டு நிமிடம். இது இல்லாத எந்த மருத்துவமனையும் முதுகுவலிக்கு முழுச் சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாசகர்களுக்கு: ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அயனாவரமும் கே.கே. நகரும் இருக்கின்றன. மற்றவர்களுக்குக் கீழ்ப்பாக்கமும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. முதுகுவலியோடு பின்பக்கம் மரத்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். கேஷுவாலிட்டியில் ‘இடுப்பு வலிக்குது’ என்று மட்டும் சொல்லாமல், ‘யூரின் வரலை, கீழே தொட்டா தெரியலை’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சோதித்துப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.